ஹில்டன்ஸ் பெரியம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அம்மா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தாங்கலாக நடக்கிறார். காபி ஆறிவிட்டது என்று இன்று காலை குறை சொன்னார். அதைக் கேட்டு அப்பா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். பயணத்தின் நடுவே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த ஞாயிறு இரவிலிருந்து எங்களோடு தூங்காமல் இருந்தவர்கள் நீங்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஹில்டன்ஸ் பெரியம்மா. பெயர் போட வேண்டாம் என்று சொன்னார், அதனால் ஹில்டன்ஸ் என்ற ஊர்ப் பெயராலேயே அழைக்கிறேன்.

வாடகை மோட்டார்ஹோமில் அப்பாவையும் அம்மாவையும் அவ்வளவு தூரம் அழைத்துப் போனது என் ஆசைக்காகத்தான். வர்ஜீனியாவில் கிளின்ச் மலையடிவாரத்தில் இருக்கிறது கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்ற இசை அரங்கம். அமெரிக்க கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தின் பெயர் அது. 1927 ஆகஸ்டில் ஏ.பி. கார்ட்டரும் சாராவும் மேபெல்லும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிஸ்டல் நகருக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்தார்கள். மேபெல்லுக்கு அப்போது 18 வயது, கர்ப்பிணி. தடித்த தந்திகளில் கட்டைவிரலால் மெட்டை வாசித்தபடியே மற்ற தந்திகளில் தாளத்தைத் தட்டும் அவருடைய கிட்டார் முறையை நான் பத்து வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்த மண்ணில் ஒரு சனிக்கிழமை இரவு உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு.

அப்பாவுக்கு அந்த இசை புதிது. ஆனால் மேடைக்கு முன்னால் ஊர்க்காரர்கள் அடியில் தகடு வைத்த ஷூ போட்டு ஆட ஆரம்பித்ததும் அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதை எண்ணுகிறார் என்று என்னிடம் கேட்டார். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை என்றேன். சரி என்று எழுந்து போய் ஒரு பாட்டுக்கு ஆடினார். திரும்பி வந்து, அப்பா போட்ட அந்த எட்டையும் ஷூவால் தரையில் தட்டிக் காட்டினார். அம்மா கை தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதன் பிறகு நான்கு நாள் நான் பார்க்கவில்லை.

இடைவேளையில் அப்பா எதுவும் வாங்கவில்லை. ஏன் என்று பெரியம்மா கேட்டார். கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார் என்றேன். பன்றிக் கொழுப்பு என்று அவரே ஒன்றைச் சேர்த்துக் கேட்டார். அதுவும் இல்லை என்றேன். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார், நேச்சுரல் டனல் பூங்காவின் முகாமில் என்றேன். பேச்சு அவ்வளவுதான்.

திங்கள் மதியம் நானும் மனைவியும் ஆஸ்பத்திரியில். இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டதால் அவரை முகாமுக்கு அனுப்பியிருந்தோம். மலையின் இயற்கைச் சுரங்கம் வழியே போகும் சரக்கு ரயிலின் சத்தத்தைத் தவிர அவருக்குத் துணை இல்லை. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. செய்தி எப்படியோ காதுக்கு எட்டி, பெரியம்மா தன் பிக்கப் வண்டியில் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

கொண்டு வந்தது உப்பும் வெங்காயமும் மட்டும் போட்டு வேகவைத்த பீன்ஸ், முட்டை சேர்க்காமல் மோர் ஊற்றிச் சுட்ட சோள ரொட்டி. ரொட்டி ஒரு கண்ணாடித் தட்டில் இருந்தது. வழக்கமாக இரும்புச் சட்டியில்தான் சுடுவாராம். அந்தச் சட்டியில் அவருடைய அம்மா காலத்துப் பன்றிக் கொழுப்பு ஊறியிருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அதனால் கண்ணாடித் தட்டில் சுட்டேன் என்றாராம்.

அப்பா இதைப் போனில் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் முட்டை படக்கூடாது என்று அம்மா எத்தனை முறை சண்டை போட்டிருப்பார்! சட்டிக்கு நினைவு உண்டு என்று தெரிந்தவர்தான் இப்படி யோசிப்பார். நான் சொல்லாத ஒன்றை, நான் யோசித்தே பார்க்காத ஒன்றை, ஒரே ஒரு மாலை பார்த்த மனிதருக்காக அவர் யோசித்திருக்கிறார்.

மூன்று நாள் வந்தார். இரண்டாம் நாள் அப்பா தன் எலுமிச்சை ஊறுகாயை ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் அவர் வீட்டில் போட்ட சௌ-சௌ ஒரு ஜாடி வந்தது. நம் காய் இல்லை, முட்டைக்கோஸை வினிகரில் ஊறவைக்கும் அந்த ஊர் ஊறுகாய். அப்பாவின் ஆங்கிலம் பெரியம்மாவுக்குப் பாதிதான் புரியும், பெரியம்மா பேசுவது அப்பாவுக்குக் கால்வாசிதான். இருவரும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

இனி மற்றவர்களுக்கு. ஆம்புலன்ஸில் வந்து அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இருவர், அவருக்காக "வலி" என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட இரவு நேர நர்ஸ், தன் டிரக்கில் எங்களை எத்தனையோ நடை கொண்டுபோய் விட்ட பக்கத்து முகாம்காரர், சார்லட் நகரிலிருந்து ரசமும் இட்லியும் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டி வந்த நண்பர்கள், மோட்டார்ஹோமைத் திருப்பி ஓட்டிக் கொடுத்த தம்பி, ஊரிலிருந்து நேரம் காலம் பார்க்காமல் போனில் பேசிய சித்தி, மாமா, எல்லோருக்கும் எங்கள் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள், தலை இன்னும் நிலையில் இல்லை.

ஏ.பி. கார்ட்டர் 1960-ல் இறந்தார். அவர் பாட்டை அழியவிடமாட்டேன் என்று அதற்கு முன்பே மகள் ஜேனட் வாக்குக் கொடுத்திருந்தார். 1974-ல் தன் அப்பாவின் பழைய மளிகைக் கடையில் சனிக்கிழமைக் கச்சேரியைத் தொடங்கி, அந்த வாக்கைக் காப்பாற்றினார். நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், பெரியம்மா. அம்மா நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும் அதே வரிசையில் வந்து உட்காருவோம்.

உங்கள் கண்ணாடித் தட்டு எங்களிடம்தான் இருக்கிறது. அப்பா கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். எங்கள் வழக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். அந்தத் தட்டு எவ்வளவு ஆழம், எத்தனை மைசூர்பாகு பிடிக்கும் என்று அம்மா படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்.