வெறும் புல் என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஊட்டிக் குளிர் பழகிவிட்டதா?

நீலகிரியின் முக்குருத்தி மலைப் பக்கம் கூட்டிப்போனார்கள், பார்க்க ஒன்றுமில்லை, வெறும் புல்தான் என்று போனில் சொன்னாயே. திருவையாற்றில் பிறந்தவள் அப்படிச் சொல்லலாமா?

அந்தப் புல்மேடும் பள்ளங்களில் ஒண்டி நிற்கும் சோலைகளும்தான் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. முக்குருத்தியில் பிறக்கும் பைக்காரா கீழே மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் நாமெல்லாம் மேட்டூரையே பார்த்துக்கொண்டிருப்போம். கூடுதுறை அதற்கும் கீழே இருக்கிறது என்பது இங்கே பலருக்கு நினைவுக்கே வராது. மலையில் மழை கொட்டி பவானிசாகர் நிரம்பி வழிகிற வருஷங்களில், ஆடிப்பெருக்குக்கு உன் அம்மா காப்பரிசி வைத்துக் கும்பிடுகிற தண்ணீரில் உன் மலைக்கும் பங்கு உண்டு.

அந்த மலையின் பழங்குடிகளான தொதவர்களுக்கோ எருமையும் அது மேய்கிற புல்லும்தான் எல்லாம். எல்லா எருமையும் ஒன்றல்ல: கோயில் எருமை வேறு, வீட்டு எருமை வேறு. கோயில் எருமையின் பாலைக் கடைகிற பால்மனைதான் கோயில். கறப்பவரே பூசாரி. எருமைகளுக்கு உப்பு நீர் காட்டுவதைக்கூடச் சடங்காகச் செய்கிறார்கள். நாம் மாட்டுப் பொங்கலோடு சரி. இறந்தவர்கள் முக்குருத்தி வழியாகத்தான் மேலுலகம் போகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊட்டியிலேயே முத்தநாடு மந்து என்கிற தொதவர் குடியிருப்பில் கூம்பாக உயர்ந்த புல்கூரைக் கோயில் ஒன்று இருக்கிறது. கண்ட புல்லால் அதை வேய்வதில்லை. அதற்கென்று உள்ள புல்லைத் தேடிப்போய் அறுத்து வர வேண்டும்.

தேடுவதும் இப்போது சுலபமில்லை. புல்வெளியைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரன் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டான். சுதந்திரத்துக்கு அப்புறம் நம்மவர்களும் அதையேதான் செய்தார்கள். நம் ஊர் மேய்ச்சல் தரை என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

மார்கழி, தை வாக்கில் முத்தநாட்டில் தொதவர்களின் மொத்வெத் விழா நடக்கும். தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டால் போய் வா. கோயிலுக்குள் பெண்களை விடுவதில்லை, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதே விதிதான். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனாலும் அவர்கள் இடம். தள்ளி நின்றே பார். கேட்காமல் போட்டோ எடுக்காதே.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று எழுது. அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா