வைஷாலியிடமிருந்து தொடங்குங்கள்: தமிழ் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். சென்னை பாடியில் வளர்ந்த செஸ் வீரர்களான அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தா குடும்பத்தின் கதையை இன்றோ நாளையோ உங்களில் ஒருவர் படமாக எடுக்கத்தான் போகிறீர்கள். எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதற்கு முன், செஸ் ஆட்டங்களை விடாமல் பார்க்கிற ஒரு ரசிகையாகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைச் சாம்பியன் ஆக்கிய பெற்றோர் கதை என்றதும் கண்முன் ஓர் அப்பாதான் வருகிறார். ஹரியானாவின் பலாலி கிராமத்தில் மகள்களுக்கு மல்யுத்தம் பழக்கிய மகாவீர் சிங் போகாட். அமெரிக்காவின் காம்ப்டனில் வீனஸையும் செரீனாவையும் டென்னிஸ் ஆட வைத்த ரிச்சர்ட் வில்லியம்ஸ். இருவருமே பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள். விடியற்காலையில் எழுப்புவது, ஓட விடுவது, கண்டிப்பது என்று காட்சிக்குக் காட்சி ஏதாவது நடக்கும். பாடி வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. பயிற்சியை ஆர்.பி. ரமேஷ் போன்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி ஊழியர், இளம்பிள்ளைவாதம் பாதித்தவர். ஊர் ஊராகப் பிள்ளைகளோடு போனவர் அம்மா நாகலட்சுமி.

அவர் செய்த வேலையைப் படமாக்குவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டல் அறையில் சோறு வைத்து ரசம் கூட்டுவதும், ஆட்டம் முடியும்வரை காத்திருப்பதும்தான் பெரும்பகுதி. நிதானமாக யோசித்து ஆடும் ஒரு கிளாசிக்கல் ஆட்டம் நாலைந்து மணி நேரம் இழுக்கும். உள்ளே நடப்பதில் அவர் கை வைக்க முடியாது, ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மைதானத்து ஓரத்தில் நின்று கத்துகிற அப்பாவுக்குக் கிடைக்கிற ஆறுதல்கூட இவருக்கு இல்லை. அந்த மணி நேரங்களைப் பாட்டு போட்டு அரை நிமிடத்தில் ஓட்டிவிடாதீர்கள். படத்தின் பதற்றமே அங்கேதான் இருக்கிறது. 2023இல் அஜர்பைஜானின் பாக்குவில் நடந்த செஸ் உலகக் கோப்பையில் ஓரமாக நின்று சிரித்த அவர் படம் ஊரெல்லாம் பரவியதே, எதனால்? பெற்ற எல்லோருக்கும் அந்த முகம் புரிந்தது. அதே பாக்குவில் பிறந்த முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ், தன் அம்மாவும் எல்லாப் போட்டிகளுக்கும் கூடவே வந்ததைச் சொல்லி, மகனோடு சேர்த்து இந்த அம்மாவையும் பாராட்டினார்.

அடுத்தது, எனக்கு ரொம்பவும் முக்கியமானது. தயவுசெய்து கதையைப் பிரக்ஞானந்தாவிடமிருந்து தொடங்காதீர்கள். டிவி முன்னால் உட்கார்ந்த பெண்ணை அதிலிருந்து திருப்பத்தான் அந்த வீட்டுக்குள் செஸ் வந்தது. அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி வந்தான். செலவு தாங்காது என்று மகனைச் சேர்க்கவே முதலில் அப்பா தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கத்தை மறைக்காதீர்கள். ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு விமான டிக்கெட் என்பது எத்தனை பெரிய கணக்கு!

வைஷாலி 2012இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றார். மறுவருடம், சென்னை வந்திருந்த நார்வே செஸ் வீரர் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது அவரை வீழ்த்தினார். அப்போது வைஷாலிக்கு 12 வயது. தம்பி கார்ல்சனை இணையவழிப் போட்டியில் முதன்முறை வென்றது 2022இல்தான். ஆனாலும் பல வருடம் செய்திகளில் அவர் 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்றே வந்தார். தம்பி 2018இலேயே செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். வைஷாலி அந்தப் பட்டத்துக்குத் தகுதி பெற்றது 2023 டிசம்பரில்தான். நடுவில் அந்த ஐந்து வருடம் அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? ஒரு பிள்ளை கொண்டாடப்படும்போது இன்னொரு பிள்ளை சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்ட பெற்றோரின் உறுதியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. உங்கள் படத்தில் பார்க்க வேண்டும்.

உச்சக்காட்சிக்கு எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. 2024இல் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. வரலாற்றில் முதல் முறையாக அக்காவும் தம்பியும் ஒரே சமயத்தில் அதில் ஆடினார்கள். வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். அப்புறம் கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக வென்றார்! அதே ஆண்டு புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இருவர் கழுத்திலும் தங்கம்.

வில்லன் ஒருவரைச் செருகாதீர்கள். விறுவிறுப்புக்காக அப்பாவைக் கொடுமைக்காரராகவும் ஆக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் சம்மதமும் உரிய பணமும் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். கதை கேட்கப் போகும்போது நால்வரையும் தனித்தனியே உட்கார வைத்துக் கேளுங்கள், முதலில் வைஷாலியிடம்.

அன்புடன்,
ஒரு செஸ் ரசிகை