எல்லன் டெரி வெறும் ஜோடி நடிகை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய லண்டன் நாடக மேடை பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். லைசியம் தியேட்டரை நடத்திய நடிகர் ஹென்றி இர்விங்குக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சரி, அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் 1878 முதல் 1902 வரை லைசியம் தியேட்டரில் அவரோடு நடித்த எல்லன் டெரியை 'அவருடைய ஜோடி நடிகை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இர்விங்கிடம் சேரும்போதே அந்த அம்மாள் மேடை ஏறி 20 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட பெற்றோருக்கு 1847-ல் கவென்ட்ரியில் பிறந்தவர். 1856-ல், 9 வயதில், லண்டன் பிரின்சஸ் தியேட்டரில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் குட்டி இளவரசனாக வந்தார், அன்று பார்க்க வந்தவர்களில் விக்டோரியா மகாராணியும் ஒருவர். அப்புறம் பக் என்ற குறும்புத் தேவதையாக நடித்தபோது, மேடைத் தரையில் உள்ள கதவு அவசரமாக மூடி, கால் கட்டைவிரல் உடைந்துவிட்டது. நாடகத்தை முடித்துக் கொடுத்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றாராம் முதலாளியின் மனைவி. குழந்தை வலியோடு முடித்துக் கொடுத்தது, 15 ஷில்லிங் 30 ஆனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையைவிட வேதனைதான் அதிகம்.

17 வயதுகூட நிறையாத பெண்ணை 46 வயது ஓவியர் வாட்ஸ் மணந்துகொண்டார், ஒரு வருடம்கூட அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறகு கட்டடக் கலைஞர் காட்வினோடு மேடையையே விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போய், கல்யாணம் செய்துகொள்ளாமலே இரண்டு குழந்தைகள் பெற்றார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது எவ்வளவு பெரிய அவப்பெயர் என்று நினைத்துப் பாருங்கள். கடன் கழுத்தை நெரித்தபோது 1874-ல் திரும்பி வந்தவர், கூப்பிட்ட எழுத்தாளர் சார்ல்ஸ் ரீடிடம் வாரத்துக்கு 40 பவுண்டு கேட்டு வாங்கினார். இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய ஒரு பெண், தன் வேலையின் விலை தெரிந்து கேட்டிருக்கிறார். அடுத்த வருடமே ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நாயகி போர்ஷியாவாக நடித்து லண்டனைத் தன் பக்கம் திருப்பியும் விட்டார்.

1888-ல் லேடி மேக்பெத்தாக வந்தபோது அவர் உடுத்திய பச்சை உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாம்புச் செதில் மாதிரி மின்ன வேண்டும் என்று, பொன்வண்டு இனத்து வண்டுகளின் சிறகு ஓடுகளை ஏறத்தாழ ஆயிரம் வரை அதில் தைத்திருந்தார்கள். சின்ன வயதில் நாம் தீப்பெட்டிக்குள் கொன்றை இலை போட்டு வளர்ப்போமே, அந்தப் பச்சைப் பளபளப்பேதான்! அந்தச் சிறகை மஸ்லின் துணியில் வைத்துத் தைக்கும் வேலை நம் நாட்டில் வெகுகாலமாக உண்டு, 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் அப்படிப்பட்ட துணிகள் கப்பலேறின. அந்த உடையில் அவரை சார்ஜென்ட் வரைந்த ஓவியம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. உடையை, பெரும் செலவில் செப்பனிட்டு, கென்ட்டில் அவர் வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறாத ஒரு விஷயம் ரோசலிண்ட், ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் நாயகி. அந்த வேடத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தும் அவர் அதில் நடிக்கவே இல்லை, காரணம் அந்த நாடகத்தை இர்விங் லைசியத்தில் மேடையேற்றவே இல்லை. எந்த நாடகம் போடுவது என்று முடிவு செய்தவர் அவர்தானே. இர்விங்குக்கு 1895-லேயே 'சர்' பட்டம் வந்துவிட்டது. இந்த அம்மாளுக்கு, பெண்களுக்கான 'சர்' மாதிரியான 'டேம்' பட்டம் வந்தது 1925-ல், கண்பார்வையும் ஞாபகமும் மங்கிய வயதில், சாவதற்கு 3 வருடம் முன்பு. நடுவில் வயதான காலத்தில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய் ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றி மேடையில் பேசியும் வந்தார், கட்டுரையில் அதுவும் இல்லை.

அவருக்கென்று தனியாக ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். சார்ஜென்ட் ஓவியத்தைக் கலரில் போடுங்கள், கறுப்பு வெள்ளையில் அந்தப் பச்சை தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்