பிளாஸ்டிக் டியூப்: கிராம் கணக்கை மட்டும் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சைக்கிள் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள், படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ரோடு பைக் (ஒல்லி டயர் வேக சைக்கிள்) உதிரிப் பாகங்கள் என்று வந்துவிட்டால் எல்லோரும் எடையிலேயே நின்றுவிடுகிறார்கள், கடைக்காரர்களும் அப்படித்தான். ஆரஞ்சு, நீலம், இளஞ்சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வருகிற டிபியு டியூப் விஷயத்தில் இது ஆபத்திலும் கொண்டுபோய் விடலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

டிபியு என்பது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், செல்போன் உறைகளும் இதில் வருகின்றன. ஆஸ்திரியாவின் டியூபோலிட்டோ நிறுவனம் இந்த வகை டியூப்பைப் பிரபலமாக்கியது. ஜெர்மனியின் டயர் நிறுவனமான ஷ்வால்பே, பிஏஎஸ்எஃப் என்ற ரசாயன நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி 2020இல் ஏரோதான் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு சீனத்திலிருந்து விலை குறைந்த டியூப்புகள் வர ஆரம்பித்ததும் நம் ஊர் ஆட்களும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

எடை குறைவு என்பது உண்மைதான். ரோடு பைக்கின் வழக்கமான 700சி அளவுச் சக்கரத்துக்கான சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் சுமார் 100 கிராம் இருக்கும், இது 40 கிராம் சுற்றி. டியூபோலிட்டோவின் எஸ்-டியூபோ ரோடு 23 கிராம்தான். சரி, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 130 கிராம் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்றால் இது அதில் 0.16 சதவீதம், ஒரு மணி நேரம் மலை ஏறுகிறவருக்கு ஆறு விநாடி அளவுக்கு லாபம். சக்கரத்தின் விளிம்பில் குறைகிற ஒரு கிராம் இரண்டு கிராமுக்குச் சமம் என்று சொல்வார்கள். அது வேகம் கூட்டும்போதுதான் பொருந்தும், ஒரே சீராக ஏறும்போது அந்தக் கணக்கு இல்லை. போட்டியில் ஓடுகிறவருக்கு ஆறு விநாடி பெரிது, காலையில் ஏற்காடு ஏறி டீ குடித்துவிட்டு இறங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது முதல் காரணமாக இருக்கக் கூடாது.

முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. ரிம் பிரேக் சைக்கிளில் கட்டைகள் ரிம்மைத்தான் பிடித்துத் தேய்க்கின்றன, அந்தச் சூடு முழுக்க ரிம்மில் ஏறி உள்ளே இருக்கிற டியூப்புக்கும் போகிறது. பியூட்டைல் ரப்பர் இந்தச் சூட்டைத் தாங்கிவிடும். டிபியு சூட்டில் இளகுகிற வகை, அதன் பெயரிலேயே அது இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர் எத்தனை முறை பிரேக் பிடிப்பார் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் வெயில் ஏறிய பிறகு. கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம், அலுமினியம் போல அது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. வளைவில் முன் டியூப் திடீரென்று போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா டிபியு டியூப்பும் ரிம் பிரேக்குக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ஏரோதானை ரிம் பிரேக்கிலும் போடலாம் என்று ஷ்வால்பே சொல்கிறது, டியூபோலிட்டோவிலும் சற்று கனமான ரகத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அந்த 23 கிராம் டியூப் டிஸ்க் பிரேக் (ரிம்மைத் தொடாமல் சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கிற பிரேக்) சைக்கிளுக்கு மட்டும்தான். இது பெட்டியில் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. சேலத்தில் நான் இந்த டியூப் கேட்டுப் போன கடையில் எந்த நிறம் வேண்டும், வால்வு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார்கள், ரிம் பிரேக்கா டிஸ்க் பிரேக்கா என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பஞ்சர். கருவேல முள்ளும் நெருஞ்சியும் இருக்கிற ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் டியூப் விற்கவே கூடாது. டிபியு முள்ளைத் தாங்கும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள், முள்ளைத் தடுப்பது டயரின் வேலை, டயரைத் தாண்டி வந்த கருவேல முள் எந்த டியூப்பையும் விடாது. பஞ்சரானால் நாம் என்ன செய்வோம்? பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போவோம். அந்த அண்ணன் டியூப்பை வெளியே எடுத்து நன்றாக ஊதப் பெருக்கி தண்ணீர்த் தொட்டியில் முக்குவார், ஓட்டையைக் கண்டுபிடித்து அரம் வைத்துத் தேய்ப்பார், சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார். ரப்பருக்கு இது அத்தனையும் சரியான வேலை, டிபியுவுக்கு முதல் படியிலிருந்தே தவறு. டயருக்கு வெளியே வைத்துப் பெருக்கினால் டிபியு நீண்டுவிடும், ரப்பர் மாதிரி பழைய அளவுக்குத் திரும்பாது. அரம் வைத்தால் மெல்லிய சுவர் கிழியலாம். ரப்பர் சொல்யூஷன் அதில் பிடிக்காது. சூடு வைத்து ஒட்டுகிற கடை என்றால் டியூப் உருகியே போய்விடலாம். பஞ்சர் கடைக்காரர் மேல் இதில் ஒரு குறையும் இல்லை, இது வேறு பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கென்று தனி ஒட்டு வருகிறது. ஆல்கஹால் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். வீட்டில் மேசை மேல் வைத்துச் செய்தால் நிற்கும், மழையிலோ வியர்வைக் கையோடோ ரோட்டோரத்தில் உட்கார்ந்து செய்தால் நிற்பது சந்தேகம்தான். அதனால் இந்த டியூப் போடுகிறவர் மாற்று டியூப் இல்லாமல் கிளம்பவே கூடாது.

இவ்வளவு சொன்னாலும் இந்த டியூப் எனக்குப் பிடிக்கும். மாற்று டியூப்பாக வைத்துக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது: சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கிவிடும், சீட்டுக்குக் கீழே இருக்கிற சின்னப் பையில் இரண்டு போட்டாலும் இடம் மிச்சம். டயர் உருளும்போது வரும் தடையும் பியூட்டைலைவிடக் குறைவு, மிதிக்கிற சக்தியில் சக்கரத்துக்கு ஓரிரு வாட் மிச்சமாகும், சமதள ரோட்டில் எடையைவிட இதுதான் உண்மையான லாபம். லேட்டெக்ஸ் டியூப் இன்னும் நன்றாக உருளும், ஆனால் தினமும் காலையில் காற்று அடிக்க வேண்டும். டிபியுவில் அந்தத் தொல்லை இல்லை.

டிஸ்க் பிரேக் வைத்திருக்கிறவர் தாராளமாகப் போடலாம். ரிம் பிரேக் என்றால், அந்தக் குறிப்பிட்ட ரகத்தைத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மலை இறங்குகிற பழக்கம் இருந்தால் சக்கரத்தில் பியூட்டைலே இருக்கட்டும், டிபியு பையில் இருக்கட்டும். டயர் அகலத்தையும் பார்த்து வாங்குங்கள். பியூட்டைல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது, அகலமான டயரில் ஓடிய டியூப்பை ஒல்லியான டயருக்கு மாற்றினால் உள்ளே மடிந்துகொள்ளும். பிளாஸ்டிக் வால்வு உள்ள ரகத்தில் மரை போட்டுப் பிடிக்கிற பம்பு சரியாகப் பிடிக்காது, கடையில் நிற்கும்போதே உங்கள் பம்பு பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 'டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்' (அந்த ரகமாக இருந்தால்), 'சொல்யூஷன் வைத்து ஒட்டக் கூடாது' என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுங்கள். அடுத்த முறை சைக்கிள் பக்கம் எழுதும்போது உங்கள் நிருபர் ஒரு பஞ்சர் கடைக்காரரையும் சந்தித்து, ஒரு டிபியு டியூப்பை அவர் கையில் கொடுத்து அவர் சொல்வதைப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்,
சேலம்