அண்டியாபீசில் குறையும் வேலைநாள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவால் பறிபோகும் வேலைகளைப் பற்றித் தங்கள் இதழில் படித்து வருகிறேன். 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்து அருமனை, கருங்கல் பக்கத்து முந்திரி ஆலைகளைப் பற்றி, எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டியாபீஸ், ஒரு வரி கூடக் காணோம்.

என் அம்மா 22 வருடமாக கிரேடிங் பார்ப்பவர். மேசையில் கொட்டிய பருப்பை விரல்நுனியால் தள்ளித் தள்ளி முழுசு, பிளவு, கருகல் என்று ஒதுக்குவார். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு நின்றால் 320 ரகம், 240 நின்றால் 240 ரகம். நிறுக்காமலே, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இப்போது கேமரா வைத்த இயந்திரம் வந்திருக்கிறது. விழுகிற ஒவ்வொரு பருப்பையும் படம்பிடித்து, நிறம் மாறியதைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. அது வந்த வாரம், அம்மாவும் கூட்டாளிகளும் பிரித்து வைத்த பருப்பைத்தான் ரகம் ரகமாக ஓட்டி அதைப் பழக்கினார்கள். "எனக்க கண்ணு கடுக்கும், அதுக்க கண்ணு கடுக்காதுல்லா மக்களே" என்றார் அம்மா.

யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அதனால் எந்த ஆட்குறைப்புக் கணக்கிலும் இது வராது. வாரம் ஆறு நாள் இருந்த வேலை நாலாகி, இப்போது இரண்டு நாள். கூலி போவதோடு முடியவில்லை. ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் நோயில் படுக்கும்போது இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டின் உதவித்தொகை கிடைக்கும். வாரம் மூன்று நாள் வேலை இருந்தால் சரியாக 78. இரண்டு நாளானால் 52தான். இத்தனை வருடம் குனிந்திருந்து முதுகும் கழுத்தும் போனவர்களுக்கு, தேவைப்படும் வயதில் அது இல்லை.

கேரளத்தில் கூலி கூடியபோது கொல்லத்து முதலாளிகள் இங்கே வந்து ஆலை திறந்தார்கள். குறைந்த கூலிக்கு எங்கள் பெண்கள் உழைத்தார்கள். ஆட்குறைப்புக்கு வழிவைக்கும் இயந்திரம் வந்தால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

வேலைநாள் குறைவதையும் வேலையிழப்பாகத் தொழிலாளர் துறை கணக்கெடுக்க வேண்டும். இயந்திரத்தை ஓட்டும் வேலையை இந்தப் பெண்களுக்கே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல பருப்பு எது என்று அதற்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

தங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். வியாழன், வெள்ளி தவிர எந்த நாள் வந்தாலும் அம்மா வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்