பெரியாஸ்பத்திரி சிஸ்டருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த நாகலூர்த் தம்பிகள், ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு இருபதிலும் வேனைக் குலுங்காமல் சேலத்துக்கு இறக்கிய டிரைவர் அண்ணன், எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பக்கத்து வீட்டுச் சித்தி, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

வார்டு சிஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய மாலை, வீட்டுக்கே போய்விடலாம் என்று அம்மா ஒரே அழுகை. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு கதைகளும் கொண்டுவந்திருந்தார்கள். மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலிக்குமாம். (அவர்களுக்கு நன்றி கிடையாது.) டூட்டி முடிந்து கிளம்பிய சிஸ்டர், தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், ஆயுசுக்கும் வலிக்காது என்றார். சிலருக்குத் தலைவலி வரும், வந்தால் உடனே சொல்லவேண்டும். கால் கனத்து மரத்துப்போகும். இழுப்பது தெரியும், வலி தெரியாது. வயிற்றில் சோறு இருந்து வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதற்குத்தான் பட்டினி. தாலியைக் கழற்றச் சொன்னதுதான் அம்மாவுக்குப் பெரிய இடி. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவியால் சுடுவார்கள், உடம்பில் உலோகம் பட்டிருந்தால் அங்கே புண்ணாகலாம் என்று விளக்கி, வெறும் மஞ்சள் கயிற்றோடு வரச் சொன்னார். பிறகு மானிட்டரை உருட்டிவந்து, அம்மாவின் விரலில் கிளிப்பை மாட்டினார். பீப், பீப். "இது உங்கள் நாடி. உள்ளே இந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்."

மறுநாள் தியேட்டரில் ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு தரம் "கோட்டை மாரியம்மா" என்று சொன்னாராம் அம்மா. வெளியே வந்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் பதறினேன். "இந்த நடுக்கம் வரும், தானே அடங்கும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார், சும்மா இரு" என்று அம்மா என்னை அதட்டினார்.

இனி நம் தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முந்தைய நாள் துணைக்கு நான் வருகிறேன். பயம் எதுவென்று எழுதிக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்போம்.

சிஸ்டர், நீங்கள் எதையும் வாங்கிக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும். கோடை விழாவுக்கு ஏற்காடு வந்தால் வீட்டுக்கு வாருங்கள், எங்கள் தோட்டத்துக் காபி குடிக்கலாம். அம்மா இன்னும் இரண்டு சந்தேகம் வைத்திருக்கிறார்.