ஒரு சிற்றூர்க் கால்பந்துச் சங்கத்தின் கதை எழுத உதவியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பேயர்ன் மியூனிக்கையே ஒரு முறை வீழ்த்திய, ஜெர்மனியின் ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிரோய்ட் என்ற சிற்றூரின் கால்பந்துச் சங்கத்தைப் பற்றி நான் எழுதிய சிறுநூல் அச்சுக்குப் போய்விட்டது. முன்பக்கத்தில் நான்கு வரி நன்றியுரை போதும் என்றார் பதிப்பாளர். நான் வாங்கியிருக்கும் கடனுக்கு நான்கு வரி வட்டிக்கே காணாது. ஆகவே தனியாக இந்த மடல்.

உதவியவர்கள் யாருடைய பெயரும் இதில் இருக்காது. தங்கள் பெயர் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். குறை சொல்லாமல் இருந்தாலே அது பாராட்டுத்தான் என்பது அந்தப் பிராங்கோனியப் பகுதியில் வழங்கும் சொலவடை. அவர்கள் கணக்குப்படி நான் வாய்மூடி இருந்தாலே போதும். நான் அங்கே பிறந்தவன் அல்லன் என்பதால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் நன்றி, என்னைத் தன் காரில் அந்த ஊருக்கு அழைத்துப்போன எர்லாங்கன் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. பவேரியா மாநிலத்தின் வட பகுதியில், ஷ்டைகர்வால்ட் காட்டுமேடுகளின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர். சுற்றியுள்ள குக்கிராமங்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,500 பேர். போகும் வழியில் ஐஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கெண்டை மீன் வளர்க்கும் குளங்கள். நான் நேரே மைதானத்துக்குப் போகலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. முதலில் ஆலையைப் பார், பிறகு புல்லைப் பார் என்று மார்ட்டின் பவர் நிறுவனத்தின் முன்னால் காரை நிறுத்தினார். 1930-ல் தொடங்கிய நிறுவனம் அது. மூலிகைத் தேநீருக்கும் பழத் தேநீருக்கும் வேண்டிய மூலப்பொருள்களைப் பதப்படுத்தி உலகெங்கும் அனுப்புகிறது. அதில் உயர்பொறுப்பில் இருந்த ஹெல்முட் ஹக் என்பவரே ஊர்ச் சங்கத்தையும் நடத்தினார். இவ்வளவு சிறிய ஊர் எப்படி இவ்வளவு உயரத்துக்குப் போனது என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை அந்த ஆலை வாசலிலேயே இருக்கிறது. நூலின் முதல் அத்தியாயம் மைதானத்தில் தொடங்காமல் மூலிகைக் கிடங்கில் தொடங்குவது முழுக்க முழுக்கப் பெரியவரின் யோசனை.

மீதிப் பாதி விடையைத் தந்தவர் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர். பிராங்கோனியாவின் பல சங்கங்களுக்குக் கூலி வாங்காமல் வரவு செலவு பார்த்தவர். ஜெர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், கலைப்பதற்குப் பொதுவாக நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும் என்ற இடத்தில் அவர் பாடத்தைத் தொடங்கினார். பிறகு ஆண்டுப் பொதுக்குழு, பொருளாளரின் அறிக்கை, தணிக்கையாளர் எழுந்து கணக்கு சரி என்று சொன்ன பிறகே நிர்வாகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் தீர்மானம் என்று ஒவ்வொன்றாக வந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் அவருடைய குறும்பு. கோல் அடித்தவன் பெயர் செய்தித்தாளில் வரும், கோடு போட்டவன் பெயர் பொதுக்குழு அறிக்கையில் கூட வராது என்றார். சனிக்கிழமை காலையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், பதினொரு பேரின் சேறு படிந்த சட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைக்கிறவர், சிறுவர் அணியைத் தன் வேனில் அடுத்த ஊருக்கு ஏற்றிச் செல்கிற அப்பா, தொத்திறைச்சி சுடும் அடுப்பின் முன்னால் இரண்டாம் பாதி முழுவதையும் முதுகைக் காட்டியே கழிக்கிறவர். ஜெர்மனியின் கீழ்நிலைக் கால்பந்து இவர்களை வைத்துத்தான் நடக்கிறது. யாருக்கும் சம்பளம் இல்லை.

ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிரோய்ட் சங்கம் 1974-ல் தோன்றியது. அண்டை நகரமான ஃபியூர்ட்டின் சங்கம் 1903-ல் தோன்றியது; 1914, 1926, 1929 என மூன்று முறை ஜெர்மன் சாம்பியன். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் 1987-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு கிராமத்துச் சங்கம் அப்போது மூன்றாம் நிலையாக இருந்த பவேரியா லிகாவுக்கு (லிகா என்றால் லீக்) ஏறியது. அதே ஆண்டு மூன்று முறை சாம்பியனான ஃபியூர்ட் அதே லிகாவிலிருந்து நான்காம் நிலைக்கு விழுந்தது. மாடிப்படியில் இருவரும் எதிரெதிரே கடந்து போனார்கள். பின்னால் இந்த இரண்டு சங்கங்களும் இணைந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஓர் ஆண்டு போதும். பழைய தரவரிசைப் பட்டியல்களை மேசையில் பரப்பி இதை எனக்குக் காட்டிய உள்ளூர் நூலகப் பணியாளருக்கு என் நன்றி. மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல் இருந்தீர்கள் அம்மா. ஜெர்மனியில் அது எத்தனை பெரிய சலுகை என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் இடம். 1994 ஆகஸ்ட் 14. ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்று. எதிரணி நடப்புச் சாம்பியன் பேயர்ன் மியூனிக். அந்தக் கோடையில்தான் இத்தாலியர் ஜொவான்னி திரபட்டோனி அதன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்தார். கோல் வாயிலில் புதிதாக வாங்கப்பட்ட ஆலிவர் கான். ஊர் மைதானம் தாங்காது என்பதால் ஆட்டம் நியூரம்பெர்க் நகரின் பெரிய அரங்குக்கு மாற்றப்பட்டது. 24,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஊரின் மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய பதினாறு மடங்கு. 43-வது நிமிடத்தில் ரோலண்ட் ஷ்டைன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அதன்பின் இரு தரப்பிலும் கோல் இல்லை. 1-0.

அந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டையும் மறுநாள் பத்திரிகைக் கத்தரிப்புகளையும் எனக்குக் கொடுத்துதவிய ஊர்க்காரர் ஒருவருக்கு நான் நெடுநாள் கடமைப்பட்டவன். சீட்டைக் கொடுத்தபோது அவர் வைத்த நிபந்தனை விசித்திரமானது: இந்த ஒரு கோலைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது. உலகம் எங்களை அந்த ஒரு தலைமுட்டலோடு நிறுத்திவிட்டது, அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் ஆடவே இல்லையா என்று கேட்டார். நியாயம்தான். அடுத்த சுற்றில் ஹோம்பூர்க் அணியை 5-1 என்று வீழ்த்தியதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதற்கடுத்த சுற்றில் பெனால்டி ஷூட்அவுட் வரை இழுத்துப்போய்த்தான் வுல்ஃப்ஸ்பூர்கிடம் தோற்றார்கள். அந்த வுல்ஃப்ஸ்பூர்க் அந்த முறை இறுதி ஆட்டம் வரை போனது. பயிற்சியாளர் பால் ஹெஸ்ஸல்பாக்கின் அணி அதிர்ஷ்டத்தில் ஒரு நாள் ஜெயித்த அணி அல்ல. நிபந்தனையை நான் காப்பாற்றியிருக்கிறேன் ஐயா. நூலில் அந்தக் கோலுக்கு ஒன்றரைப் பக்கம்தான்.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன், நூலில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1990-ல், பேயர்ன் இதே முதல் சுற்றில் வைன்ஹைம் என்ற சிறுநகர அமெச்சூர் அணியிடம் ஒரு பெனால்டி கோலில் 1-0 என்று தோற்றிருந்தது. அந்த வைன்ஹைம் சங்கமும் பிற்பாடு தன் நகரின் இன்னொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது. இதைச் சுட்டிக்காட்டிய நண்பர் கீழ்நிலை லிகாக்களில் நடுவராக இருப்பவர். ஞாயிறு தோறும் மழையிலும் பனியிலும் ஓடி, இரு தரப்பிடமும் வசவு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர். லிகா அமைப்பின் படிநிலைகளை அவர் காகிதத்தில் வரைந்து கொடுத்திராவிட்டால் நான் இன்னும் மாவட்ட லிகாவுக்கும் வட்டார லிகாவுக்கும் நடுவில் வழி தேடிக்கொண்டிருப்பேன்.

மிகக் கடினமான அத்தியாயம் 1996. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று கிராமத்துச் சங்கத்தின் கால்பந்துப் பிரிவு ஃபியூர்ட் சங்கத்தில் சேர்ந்தது. ஃபியூர்ட் தன் பெயரை கிரோய்தர் ஃபியூர்ட் என்று மாற்றிக்கொண்டது. கிராமத்தின் பெயரில் ஒரு பாதி மூன்று முறை சாம்பியனான சங்கத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இதற்கு முன்னும் பின்னும் ஜெர்மனியில் எத்தனையோ இணைப்புகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு ஏழைகள் ஒரே கூரையின் கீழ் ஒண்டிக்கொள்வதாகவே அவை இருக்கும். இங்கே கிராமத்துச் சங்கம் தளர்ந்துபோய்ச் சேரவில்லை, ஃபியூர்ட் ஆடிய அதே மூன்றாம் நிலையில்தான் அதுவும் நின்றுகொண்டிருந்தது. தொழில்முறைக் கால்பந்துக்கு மேலே போக ஒரு நகரமும் ஓர் அரங்கும் வேண்டும், கிராமத்திடம் அவை இல்லை. ஃபியூர்ட்டிடம் ரோன்ஹோஃப் மைதானமும் தொண்ணூறு ஆண்டுப் பெருமையும் இருந்தன, நல்ல நிர்வாகமும் பணமும் குறைவு. கணக்காகப் பார்த்தால் பிழையில்லாத முடிவு. 1997-லேயே இரண்டாம் பண்டஸ்லிகாவுக்கு, அதாவது தேசிய லீகின் இரண்டாம் நிலைக்கு, ஏறினார்கள்.

ஆனால் கணக்காக மட்டும் பார்க்க மாட்டேன் என்று என்னிடம் மணிக்கணக்கில் வாதிட்ட ஃபியூர்ட் ரசிகர் ஒருவர் இருக்கிறார். மூன்று தலைமுறையாக அந்த மைதானத்துக்குப் போகும் குடும்பம். 1924-ல் ஜெர்மன் தேசிய அணி முழுக்க ஃபியூர்ட், நியூரம்பெர்க் வீரர்களால் ஆனதாக ஆம்ஸ்டர்டாம் போனபோது, இரு ஊர் வீரர்களும் ஒரே ரயிலில் தனித்தனிப் பெட்டிகளில் ஏறினார்கள் என்று சொல்லப்படுவதை நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம், உங்கள் சங்கத்தின் பெயருக்கு முன்னால் ஒரு தேயிலை ஊரின் பெயர் வந்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். அரங்கில் இன்றும் நான் அந்த முன்னொட்டைச் சொல்வதில்லை என்றார். அதே மூச்சில், அவர்கள் வராமல் இருந்திருந்தால் 2012-ல் நாங்கள் முதல் பண்டஸ்லிகாவைப் பார்த்திருக்கவே மாட்டோம் என்றும் சொன்னார். அந்த 2012-13 பருவத்தில் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் கீழே இறங்கிய முதல் அணி என்ற பெயரையும் வாங்கினார்கள். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். இரண்டாம் முறை 2021-ல் ஏறியபோது அவருக்கு உடல்நலம் சரியில்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்தார்.

எதிர்த்தரப்பை எனக்குச் சொன்னவர் கிராமத்து மூதாட்டி. ஆட்ட நாள்களில் சங்கக் கூடத்து அடுக்களையில் நின்றவர். கிராமச் சின்னத்திலிருந்த மரக்காலணி, இணைப்புக்குப் பிறகு ஃபியூர்ட்டின் மூவிலைச் சின்னத்தோடு சேர்க்கப்பட்டது. 2017-ல் சின்னத்தைத் திருத்தியபோது அந்தக் காலணி நீக்கப்பட்டது. அவருக்கு வருத்தமா என்று கேட்டேன். வருத்தம் எதற்கு, காலணி எங்களுடையது, திரும்பி வந்துவிட்டது என்றார். அதற்குமேல் நான் என்ன கேட்டும் உருளைக்கிழங்குச் சாலட்டைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பதிலைவிட நல்ல அத்தியாய முடிவை என்னால் எழுத முடியவில்லை, அப்படியே போட்டுவிட்டேன். ஹக் 2018 வரை இணைந்த சங்கத்தின் தலைவராக இருந்ததால் கிராமத்தின் நிழல் அங்கே நீண்ட காலம் இருந்தது என்பதையும் நூல் சொல்கிறது. ஆனால் அந்த நிழலைப் பற்றி ஃபியூர்ட் ரசிகரும் மூதாட்டியும் ஒத்துப்போகவே இல்லை. இருவரையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து அமர்த்தியதற்கு இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் படியைப் படித்த நண்பர்களே, உங்களையும் விட்டுவிட முடியாது. ஒருவர் கால்பந்தே பார்க்காதவர். ஆஃப்சைடு வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு அனுப்பினார், பலன் அவரைப் போன்ற வாசகர்களுக்கு. இன்னொருவர் கால்பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர். மூலிகைக் கிடங்கு அத்தியாயத்தை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை. கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், என்றாலும் சொல்கிறேன். ஞாயிறு தோறும் நான் பனியில் நின்று நான்காம் நிலை, ஏழாம் நிலை ஆட்டங்களைப் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலணியோடு வீடு திரும்பியபோது, இதெல்லாம் எந்த அத்தியாயத்துக்கு என்று ஒரு முறைதான் கேட்டாள். எந்த அத்தியாயத்துக்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நுழைவுச்சீட்டும் கத்தரிப்புகளும் வருகின்ற வாரம் பதிவுத் தபாலில் உரியவருக்குத் திரும்ப வரும். நூலின் பிரதிகள் இரண்டு ஊரின் நூலகங்களுக்கும் போகும். ஜெர்மன் மொழியில் சுருக்கம் ஒன்று கடைசிப் பக்கங்களில் இருக்கிறது, மூதாட்டியின் பேரன் அதை அவருக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

மிக்க நன்றியுடன்,
நூலாசிரியர்
எர்லாங்கன்